பளிங்கு தங்கியது, பயணத்தின் காரணம் மறைந்தது

ஐரோப்பியக் கடற்பயணம் முடித்துத் திரும்பும் ஹைதராபாத் குடும்பங்கள் இன்று தம் நினைவுகளைப் பெரும்பாலும் படங்களாகவே பகிர்ந்துகொள்கின்றன. பழைய கோட்டைவாயில், துறைமுகப் பீரங்கி, போர்ட்ஸ்மத்தில் நிற்கும் 'விக்டரி' போர்க்கப்பல் ஆகியவற்றின் முன் எடுத்த படங்கள் அவை. அந்த மகிழ்ச்சியில் குறைகாண ஏதுமில்லை. எனினும், காட்சி மட்டும் எஞ்சிப் பயணத்தின் காரணம் மறைந்துபோனால் இழப்பு எத்தகையது என்பதற்கு அந்நகரிலேயே ஒரு சான்று உண்டு.

சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், பென்சோனி செதுக்கிய 'முகத்திரையிட்ட ரெபெக்கா' பளிங்குச் சிலையின் முன் நாள்தோறும் கூட்டம் நிற்கிறது. கல்லில் துணியின் மென்மை எவ்வாறு வந்தது என்று வியக்கிறது. அச்சிலையை 1876இல் ரோம் நகரில் வாங்கியவர், நிஜாம் அரசின் திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங். அவர் அந்த ஆண்டு கடல் கடந்து சென்றது சிலை வாங்குவதற்காகவா?

1853இல், ஹைதராபாத் துணைப்படையின் செலவுக் கடனுக்கு ஈடாக, பருத்தி விளையும் பேரார் மாகாணத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அதே ஆண்டில்தான், இருபத்துநான்கு வயதில், சாலார் ஜங் திவான் ஆனார். அம்மாகாணத்தை மீட்பது அவருடைய வாழ்நாள் வேட்கையாயிற்று. இங்கிலாந்துப் பயணத்தின் உள்நோக்கமும் அதுவே. வழியில் பாரிஸில் மாடிப்படியில் தவறி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அந்த நிலையிலும் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது, விருந்துகள் நடந்தன. பேரார் மட்டும் திரும்பவில்லை. 1883இல் அவர் மறைந்தார். 1902இல் கர்சன் காலத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு அது நிரந்தரக் குத்தகையாயிற்று. வாங்கி வந்த பளிங்கை நகரம் கொண்டாடுகிறது. கேட்டுச் சென்ற மண்ணை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

இதற்கு மாறான முன்மாதிரியும் ஹைதராபாத்துக்கு உண்டு. அந்நகரில் பிறந்து லக்னோ நவாபிடம் பணிபுரிந்த யூசுப் கான் கம்பல்போஷ், 1837இல் கல்கத்தாவில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்து, கண்டதையும் வியந்ததையும் தம் நாட்டோடு ஒப்பிட்டு உருதுவில் எழுதினார். 1847இல் டெல்லியில் அச்சான அந்நூல், ஐரோப்பாவைப் பற்றிய முதல் உருதுப் பயணநூலாகப் பலராலும் கருதப்படுகிறது. அவர் பொருள் எதையும் கொண்டுவந்தாரோ இல்லையோ, அவருடைய எண்ணங்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

விடுமுறைக்குச் செல்பவர் மீது வரலாற்றுப் பாடத்தைச் சுமத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அறிவு காட்சியின் இன்பத்தைக் குறைப்பதில்லை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது. அதைக் கட்டியது பம்பாய்த் தளத்தில், ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைக் கட்டுநர். மரம் மலபார்த் தேக்கு. 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கிய அக்கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி'. அதாவது, நம் திருகோணமலை. இத்தனையும் அறிந்தவர் அதன் தளத்தில் நிற்கும்போது, அயலார் பெருமையைக் காணவந்த விருந்தாளியாக மட்டும் நிற்கமாட்டார். தம் நாட்டுக் காடும் தம் நாட்டார் கைத்திறனும் யாருடைய பேரரசைத் தாங்கின என்ற கேள்வியும் அவருடன் நிற்கும்.

ஆகவே பயணப் படங்களைப் பகிர்வோர், ஒவ்வொரு படத்தோடும் நான்கு வரியேனும் எழுதுவது நல்லது: இது எங்கிருந்து வந்தது, யார் உழைப்பு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு. வரலாற்று மாணவர்கள் அந்த வரிகளைத் தேடித் தருவதில் துணைநிற்கலாம். அடுத்தமுறை ரெபெக்காவின் முன் ஒரு குழந்தையை அழைத்துச் செல்பவர், திரையின் அழகைக் காட்டிய பின் பேராரின் கதையையும் சொல்லட்டும்.