கல்லில் இடம்பெறாத பெயர்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலய முற்றத்திலோ சாலைச் சந்திப்பிலோ ஒரு கற்சிலுவை நிற்பதைக் காணலாம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் உயிர்நீத்த அவ்வூராரின் பெயர்கள் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே குடும்பப்பெயர் இருமுறையும் மும்முறையும் வருவதுண்டு. ஒரு வீட்டின் இழப்பு எத்துணைப் பெரிது என்பதை அவ்வரிகளே உணர்த்திவிடும்.

போர்க்களத்தில் மாண்டோரின் உடல்களைத் தாயகத்திற்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டிஷ் அரசு முடிவுசெய்தது. செல்வர் மகனுக்கும் உழவர் மகனுக்கும் அதுவே விதி. எனவே, மகனின் கல்லறையைக் காண இயலாத தாய்க்கு ஊர் நடுவில் நின்ற அக்கல்லே கல்லறையாயிற்று. ஊர்மக்கள் தாமே பொருள் திரட்டி அதனை எழுப்பினர். பல ஊர்களில் பதவி வேறுபாடு பாராமல் அகரவரிசையிலேயே பெயர்களைப் பொறித்தனர்.

ஆயினும், எல்லாப் பெயர்களும் கல்லில் ஏறிவிடவில்லை. கென்ட் பகுதியிலுள்ள ஷோர்ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் தாமஸ் ஹைகேட். பண்ணைத் தொழிலாளியாக இருந்து படையில் சேர்ந்த அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. போர் தொடங்கிய சில வாரங்களில், படையை விட்டு ஓடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவருக்காக வாதிட எவருமில்லை. 1914 செப்டம்பர் 8ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போரில் இக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் வீரர் அவரே. பிரான்சில், கல்லறை அறியப்படாதோர்க்கென எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் உள்ளது. பிறந்த ஊரோ, 2000ஆம் ஆண்டில் தன் பெயர்ப்பலகையைப் புதுப்பித்தபோது அவர் பெயரைச் சேர்ப்பதில்லை என முடிவுசெய்தது. பின்னாளில் மக்கள் மனம் மாறினால் பொறிப்பதற்கென ஓர் இடத்தை மட்டும் விட்டுவைத்தது.

அஞ்சி ஓடியவரையும் அஞ்சாது நின்றவரையும் ஒரே கல்லில் பொறிப்பது நின்றவர்க்கு இழுக்கு என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அதே குண்டுமழையில், அதே அச்சத்தோடு, இடம்பெயராமல் நின்று மாண்டவர் பலர். எனினும், ஊர் நினைவுக்கல் வீரத்திற்கு வழங்கும் பதக்கம் அன்று. நோயால் இறந்தவர், விபத்தில் மாண்டவர் ஆகியோரின் பெயர்களும் அத்தகைய கற்களில் உள்ளன. எவர் எவ்வாறு இறந்தார் எனக் கல் வினவுவதில்லை; போருக்குச் சென்று மீளாதவர் எவர் என்பதையே அது கூறுகிறது.

ஹைகேட்டைப் போல் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006ஆம் ஆண்டில் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. சட்டத்தின் மன்னிப்பு ஏட்டில் இருக்கும். ஊரின் மன்னிப்போ கல்லில்தான் விளங்கும். ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் மக்கள் செந்நிறப் பாப்பி மலர்வளையம் வைத்து அமைதி காக்கின்றனர். அந்த அமைதியில் நினைக்கப்படும் உரிமை, களத்தில் நின்ற மகனை இழந்த தாய்க்கு மட்டும் உரியதன்று. ஓடிய மகனை இழந்த தாய்க்கும் உரியது. விடுபட்ட பெயர்களுக்கும் கல்லில் இடம் தருவதே அறமாகும்.