இரவல் என்று இகழலாமா?

ஜப்பானியரின் 'புராக்ரஸிவ் ராக்' இசை வெறும் ஆங்கிலேயப் பிரதி என்று ஒதுக்கும் மேதாவிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்காமலே தீர்ப்புச் சொல்வது என்ன ரசனை, ஐயா?

'யோனின் பயாஷி' என்ற குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3ஆம் தேதிப் பெண் குழந்தைகள் பண்டிகைக்கு ஜப்பானியர் வைக்கும் பொம்மைக் கொலுவில் ஐந்து வாத்தியக்காரர்கள் உண்டு. அவர்களுக்குக் 'கோனின் பயாஷி' என்று பெயர். இவர்களோ நால்வர், ஆகவே 'யோனின்'. பெயரிலேயே சொந்த மண் மணக்கவில்லையா?

1974இல் வெளிவந்த இவர்களுடைய இசைத்தட்டு 'இஷ்ஷோகு சொகுஹட்ஸு'. தொட்டால் வெடிக்கும் நிலை என்று பொருள். அதே பெயருள்ள பாட்டு 10 நிமிஷங்களுக்கு மேல் நடை மாறி மாறி ஓடுகிறது. கிதாரும் ஆர்கனும் மேனாட்டுச் சரக்குத்தான். பாடுவது ஜப்பானிய மொழியில். 'ராக்' இசைக்கு ஆங்கிலமே ஏற்றது என்று 1970ஐ ஒட்டி உச்சிடா யூயா போன்றவர்கள் அந்த நாட்டிலேயே வாதாடினார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

நான் எழுதும் நாவலும் கடல் கடந்து வந்த வடிவந்தான். அதனால் என் கதாநாயகி லண்டன்காரி ஆகிவிடுவாளா?

முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகும் பிரதி என்று சொல்லத் துணிவிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.