சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான் ஸார். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாத பயம்! டெபிட் பக்கம் ஒரு தொகை, கிரெடிட் பக்கம் ஒரு தொகை... நடுவில் ஒரு வித்தியாசம் நின்றுகொண்டு பல்லை இளிக்கும். ராத்திரி பூரா தேடியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்? அந்த வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்ற தலைப்பில் தூக்கிப் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம்.

போன வாரம் இ.எம்.ஐ. பற்றிப் புலம்பினேன். இந்த வாரம் வேறு கணக்கு. எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாகக் கிடந்த ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டை க்ளோஸ் பண்ணப் போன கதை. அதுவும் யாரோடு போனேன் என்கிறீர்கள்? சர்ச் பாடகர் குழுவோடு!

எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு, எனக்கும் ஜிம்முக்கும் உள்ள உறவு மாதிரி. சந்தா கட்டியிருக்கிறேன். போனதில்லை.

கூடலூரில் எங்கள் சர்ச் பாடகர் குழு 2024 மே மாதம் இலங்கை மலையகத்துக்கு ஊழியப் பயணம் போவதாக முடிவாயிற்று. எட்டு நாள், ஐந்து தேயிலைத் தோட்டம், 22 பேர். குழுத் தலைவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவரிடம் போய், “நானும் வர்றேன் ஸார்” என்றேன். என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி பி.காம்.தானே? வரவு செலவு நீ பார்த்துக்க. பாஸ் பார்ட்டுல கடைசி வரிசையில நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வந்துச்சு... ராமேஸ்வரத்துலயே இறக்கி விட்டுருவேன்!”

“நாம ஃப்ளைட்ல போறோம் ஸார்.”

“அதனாலதான் சொல்றேன்.”

இவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு நான் ஏன் கிளம்பினேன்? அதற்கு எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் ஒரு விநோதப் பழக்கம். யார் ஊருக்குக் கிளம்பினாலும் வழியனுப்ப வரமாட்டார். நான் காலேஜில் சேரக் கோயமுத்தூர் கிளம்பியபோது அம்மாதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அக்கா கல்யாணமாகிப் போனபோதும் அப்பா வாசலோடு சரி. “வழியனுப்புறது எனக்கு ஆகாது”ன்னு ஒரே வரி. ஏதோ ராகு கால சமாசாரம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பயணம் உறுதியானதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்து வந்தார். ஸ்டூடியோவில் எடுத்தது. தாத்தா, பாட்டி, அரை டிராயரில் அப்பா, பக்கத்தில் ரெட்டை ஜடையில் ஒரு பெண்.

“எங்கக்கா. ஹட்டன் பக்கம் இருந்துச்சு. இருக்கான்னு பாரு.”

எனக்கு ஓர் அத்தை இருப்பது எனக்கு 34 வயதில் தெரிய வந்தது ஸார்!

இங்கே கொஞ்சம் சரித்திரக் கணக்குப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், கூட்டல் மட்டும்தான்.

நம்ம ஊரில் பஞ்சம் பிழைக்க வழியில்லாமல், ‘கண்டிச் சீமை’க்குக் காபித் தோட்ட வேலைக்குக் கிளம்பியவர்களின் பேரப் பிள்ளைகள்தான் மலையகத் தமிழர்கள். 1823-ஐ முதல் வருஷமாக வைத்து, 200 வருஷ நினைவாக 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். காபி நோய் வந்து அழிய, தேயிலை வந்தது. மலையையே பச்சையாக்கிக் கொடுத்தவர்களுக்கு, சுதந்திரம் வந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, லட்சக்கணக்கானவர்களுக்கு நாடே இல்லாமல் போயிற்று.

அப்பா பிறந்தது 1964. அதே வருஷம் அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாதவர்கள் மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. கூட்டிப் பார்த்தால் 1,50,000 இடிக்கிறதா? அவர்களை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளி வைத்தார்கள்.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஸார்! ஒன்றரை லட்சம் உயிரோடு இருக்கிற மனுஷர்கள்! 1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 - 75,000 என்று பிரித்து க்ளோஸ் பண்ணினார்கள். பேலன்ஸ் ஷீட் பக்காவாக டேலி. அந்த ஜனங்களிடம் மட்டும் யாரும் யோசனை கேட்கவில்லை.

எங்கள் தாத்தா ‘இந்தியா’ என்று மனுப் போட்டார். அத்தையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் ‘இலங்கை’ என்று மனுப் போட்டார்கள். ஒரே லயம், ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை. 1974-ல் தோட்டங்களில் சாப்பாட்டுக்கே பஞ்சம். தாத்தாவுக்குக் கடுதாசி வந்துவிட்டது. கிளம்பிவிட்டார்கள்.

ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு அந்த ஜனங்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஒப்பாரிக் கோச்சி’. கோச்சி என்றால் ரயில். ஏறுகிறவனும் அழுவான், பிளாட்பாரத்தில் நிற்கிறவனும் அழுவான். பத்து வயசு அப்பாவின் கையில் கைக்குட்டையில் முடிந்த ஒரு பன்னைத் திணித்துவிட்டு, ரயிலோடு கூடவே ஓடி வந்தாளாம் அக்கா. “அடுத்த கிறிஸ்மஸுக்கு வர்றேன் தம்பி!”

வரவில்லை. கடிதம் வந்தது. 1983 கலவரத்துக்கு அப்புறம் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது.

வழியனுப்ப ஏன் வரமாட்டார் என்று எனக்குப் புரிந்தபோது ராத்திரி மணி பதினொன்று. அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தூங்குவது போல் படுத்திருந்தார்.

கூடலூரிலிருந்து திருச்சிக்கு ராத்திரி பூரா பஸ். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸீட் பெல்ட் போடத் தெரியாமல் நான் திண்டாடி முடிப்பதற்குள், கழற்றச் சொல்லிவிட்டார்கள். ‘இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டா அம்பது வருஷம்?’ என்று இருந்தது.

அங்கிருந்து வேனில் அவிசாவளை, கித்துல்கல வழியாக மலை ஏறினோம். ஹட்டனில் இறங்கிப் பார்த்தால்... அப்படியே கூடலூர்! அதே பனி, அதே சரிவு, அதே கொழுந்து வாசனை. நான் அத்தைக்குப் பரிசாக என்ன எடுத்துப் போயிருந்தேன் தெரியுமா? நீலகிரித் தேயிலை ஒரு கிலோ! திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஊழியம் என்று கிளம்பினோமே தவிர, எங்களுக்கு முன்னாலேயே 1854-ல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று ஆரம்பித்து, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போய்விட்டார்கள். நாங்கள் வெறும் 170 வருஷம் லேட்.

தோட்டத்துச் சின்ன சர்ச்சுகளில் வாத்தியார் மூன்று மாதம் ரிகர்சல் பார்த்த ஹேண்டலின் ‘ஹாலேலூயா கோரஸ்’ஸை எடுத்து விட்டார். கொழுந்து பறித்துவிட்டு வந்த அசதியிலும் ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் ஒரு தலைகூட ஆடவில்லை. முடிந்ததும் வெளியே வந்து, அந்த மே மாதம்தான் அறிவித்திருந்த 1,700 ரூபாய் தினச் சம்பளம் கைக்கு வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாத்தியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மூன்று தோட்டத்திலும் போட்டோவைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார்கள்.

நான்காவது தோட்டம். கோரஸ் முடிந்து வழக்கம்போல மயான அமைதி. அப்போது முன் வரிசைப் பாட்டி ஒருத்தி, “ஐயா, அது நல்லாத்தான் இருக்கு. இப்ப நம்ம கீர்த்தனை ஒண்ணு பாடலாங்களா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே எடுத்துவிட்டாள். மூலையிலிருந்து ஒரு கிழவர் டோலக்கை மடியில் வைத்தார். அவ்வளவுதான்... சர்ச்சே எழுந்து நின்றது! எங்கள் ஆட்கள் பார்ட் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஊழியம் செய்யப் போன எங்களுக்கே அவர்கள் ஊழியம் செய்துவிட்டார்கள். நானும் உணர்ச்சிவசப்பட்டு நிஜமாகவே பாடிவிட்டேன். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மன்னித்துவிட்டார்.

முடிந்ததும் டோலக் தாத்தா என்னிடம் வந்து, “நீங்க யாரு வீட்டுப் புள்ளை?” என்றார்.

வாயில் பதில் வரவில்லை. போட்டோவை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, இவருதானேப்பா எனக்கு டோலக்கு சொல்லிக் குடுத்தது!” என்றார், எங்கள் தாத்தாவின் முகத்தில் விரலை வைத்து. அதே விரல் மெதுவாக நகர்ந்து ரெட்டை ஜடையில் நின்றது. “இது மேல் டிவிஷன்ல இருக்கே!”

சங்கீத ஞானம் எங்கள் குடும்பத்தில் எங்கே தொலைந்தது என்பது இன்னொரு விசாரணைக்குரிய விஷயம். நான் ஆட்டோவில் பறந்தேன்.

லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள் அத்தை. எழுபது வயசு. ரெட்டை ஜடை, ஒரு சின்ன வெள்ளைக் கொண்டையாகியிருந்தது. “யாரு?” என்றாள்.

“உங்க தம்பி மகன் அத்தை. கூடலூர்ல இருந்து வர்றேன்.”

விறகு கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “சாப்பிட்டியா மருமகனே?”

ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. நான் கொடுத்த தேயிலைப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “தம்பி வேலை பார்த்த தோட்டத்துக் கொழுந்தா?” 1968-லிருந்து எங்களை மாதிரி திரும்பி வந்தவர்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பாவுக்கு ஆயுசு பூரா வேலை. அங்கே எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். இங்கே அத்தையை சென்சஸில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியிருந்தார்கள்.

“அவன் இப்பவும் ராத்திரியில பயந்து எந்திரிக்கிறானா?”

“அப்பாவுக்கு அறுபது வயசாச்சு அத்தை. சுகரு, பி.பி. எல்லாம் இருக்கு.”

“ஐயோ... சின்னப் புள்ளைக்கு சுகரா?” என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

லயத்துக்குள் சிக்னல் இல்லை. மச்சான் எங்களைப் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப் போனார். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடம். அங்கே நின்று வீடியோ கால் போட்டேன். திரையில் அப்பா. இரண்டு பேரும் பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று நான் செல்போனைத் தட்டிப் பார்த்தேன்.

கடைசியில் அத்தைதான் பேசினாள். “ஏன்டா, முடியெல்லாம் எங்கடா போச்சு?”

அப்பா அழுதுகொண்டே சிரித்தார்.

“அந்தப் பன்னைச் சாப்பிட்டியாடா அன்னிக்கு?”

“இல்லக்கா. மண்டபம் கேம்ப் வரைக்கும் வச்சிருந்தேன். பூசணம் பூத்துருச்சு.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போனை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

ஊர் திரும்பியதும் அப்பா பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். ‘பிறந்த இடம்: ஹட்டன், இலங்கை’ என்று தானே கைப்பட எழுதினார். 2025 ஜனவரியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கிளம்பினார். நான் வழியனுப்ப வந்தேன்.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் க்ளோஸ் ஆகிவிட்டதா என்று கேட்பீர்கள். ஆள் கிடைத்துவிட்டாள். நடுவில் போன ஐம்பது வருஷத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? எங்கள் பி.காம். சிலபஸில் அது இல்லை ஸார். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பெயர் தெரியாத முகம் ஏதாவது இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அது யார் என்று அப்பாவிடம் கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் அப்பாவின் பையை எடை பார்க்கத் தூக்கினேன். ஒரு பக்கம் மட்டும் புஸ்ஸென்று உப்பியிருந்தது. திறந்தால்... கூடலூர் பேக்கரி பன், ஒரு டஜன்!

“என்னப்பா இது? அங்க பன் கிடைக்காதா?”

“உனக்குத் தெரியாது. அம்பது வருஷக் கடன்டா” என்றார். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். “நீ நிக்காத. கிளம்பு.”

நான் கிளம்பவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, அவர் உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.