இறைமறுப்பாளருக்கு நன்மை தீமை தெரியாதா?



அல்லாஹ்வை நம்பாதவனுக்கு ஒழுக்கம் ஏது என்ற பேச்சை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வீட்டிலும் பிள்ளைகளுக்கு இதையே சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பிள்ளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேர்கிறான். அறைத்தோழன் நாத்திகன்; ஆனால் பொய் பேசாதவன், தேர்வில் காப்பி அடிக்காதவன், இவன் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவன். அப்போது ஆட்டம் காண்பது நம் பிள்ளையின் ஈமான்தான். மார்க்கம் சொல்லாத ஒன்றை மார்க்கத்தின் பெயரால் நாம் கற்றுக்கொடுத்ததன் விளைவு இது.

நபித்துவத்துக்கு முன் மக்காவில் நடந்ததைப் பாருங்கள். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய குறைஷிப் பிரமுகர் விலையைக் கொடுக்க மறுத்தார். கேட்பாரற்ற அந்த வெளியூர்க்காரர் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடினர். அநீதிக்குள்ளானவர் யாராயினும், எவ்வூராராயினும் அவருடைய உரிமையை மீட்கும்வரை ஒன்றாக நிற்பதென உடன்படிக்கை செய்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். 20 வயதளவில் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இசைவதாகப் பிற்காலத்தில் கூறினார்கள். அங்குக் கூடியவர்கள் அல்லாஹ்வை அறவே மறுத்தவர்கள் அல்லர். எனினும் அவர்களிடம் வேதமோ மறுமை நம்பிக்கையோ இல்லை. அநீதி அநீதிதான் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அது எப்படித் தெரிந்தது? நம் முன்னோர்கள் இதைப் பற்றி நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். பகுத்தறிவே நன்மை தீமையை அறியும் என்றனர் முஃதஸிலாக்கள். ஷரீஅத் வந்து சொன்னாலன்றி ஒரு செயல் கடமையோ குற்றமோ ஆகாது என்றனர் அஷ்அரிகள். அறிவு பலவற்றின் நன்மை தீமையை உணரும், ஆயினும் கட்டளையிடுபவன் அல்லாஹ்வே என்றனர் மாதுரீதிகள். நம் ஷாஃபிஈ ஊர்கள் அஷ்அரி வழியையும் ஹனஃபி ஊர்கள் மாதுரீதி வழியையும் சார்ந்தவை. (மதரஸாவில் இது தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறக்கும் பாடமாகிவிட்டது வேறு கதை.)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முஸ்தஸ்ஃபா'வில் இக்கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். எந்த மார்க்கமும் இல்லாத ஒருவன், எந்த ஆதாயமும் இல்லாமல், அழிவின் விளிம்பில் நிற்கும் ஒருவனைக் காப்பாற்றுகிறானே, ஏன்? அப்படிப்பட்டவன் இருக்கவே முடியாது என்று இமாம் சொல்லவில்லை. அவனுடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதால் எழும் இரக்கம் அது என்கிறார். எனக்கு இதில் மாதுரீதி நிலையே நெருக்கமாகப் படுகிறது. தீமையையும் இறையச்சத்தையும் ஆன்மாவுக்கு உணர்த்தியதாக அல்லாஹ் ஸூரத்துஷ் ஷம்ஸில் கூறுகிறான். முஸ்லிமின் ஆன்மாவுக்கு மட்டும் என்று கூறவில்லை. அந்த அறைத்தோழனின் நேர்மை அவனைப் படைத்தவன் அவனுள் வைத்த ஃபித்ராவிலிருந்து வருவது.

அப்படியானால் இறைமறுப்பாளரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்களுக்குத் தெரிகின்ற அந்த நன்மை எதன்மேல் நிற்கிறது? அவர்களுடைய தத்துவ அறிஞர்களே இதில் உடன்படவில்லை. 1977இல் ஜே. எல். மேக்கி, புறநிலையான அறமதிப்பு என்று உலகில் எதுவுமே இல்லை என்று எழுதினார். இறைவன் இன்றியே அற உண்மைகள் உண்டு என்று 2011இல் வாதிட்டார் டெரிக் பார்ஃபிட். மேக்கியின் ஒளிவுமறைவின்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்வதோடு வாழ்வது கடினம். 1945-46இல் நியூரம்பெர்க் விசாரணையில், மேலிடத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம் என்றனர் நாஜித் தலைவர்கள். நன்மை தீமை அந்தந்தச் சமூகத்தின் ஏற்பாடு மட்டுமே என்றால், அவர்களைத் தண்டித்ததற்கு வென்றவனின் வலிமையைத் தவிர வேறு நியாயம் இருக்காது. இதை எந்த நாத்திகரின் மனமாவது ஒப்புமா? நீதிமன்றமே எட்டாத குற்றங்களின் கதி என்ன? உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தை எந்தப் பாவத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று விசாரிக்கப்படும் நாளைப் பற்றி ஸூரத்துத் தக்வீர் பேசுகிறது. நம்மிடம் இருக்கும் விடை அதுவே.

விடை இருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நின்றுகொண்டே, தங்கைக்குரிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குபவர் நம் ஊர்களில் இல்லையா?

"அவன் நல்லவன்தானே அத்தா?" என்று பிள்ளை கேட்டால், ஆம் என்று சொல்லத் தயங்காதீர்கள். அவனுடைய மறுமை பற்றியும் அவன் கேட்கக்கூடும். மேற்சொன்ன இப்னு ஜுத்ஆனைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கேட்டார்கள்: உறவைப் பேணினார், ஏழைக்கு உணவளித்தார், அது அவருக்குப் பயன் தருமா என்று. பயன் தராது, மறுமை நாளில் தம் பாவத்தை மன்னிக்கும்படி அவர் ஒரு நாளும் தம் இறைவனிடம் வேண்டியதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. அவர் செய்தது நன்மையே அன்று என அவர்கள் கூறவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லுங்கள்.