அவரவர் பணிக்கு அவரவர் திரை



விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தபின் எல்லாரும் ஒரே வேலைக்குச் செல்வதில்லை. பால்மரம் வெட்டுவோர் தம் நிரைக்குச் செல்வர். செம்பனைக் குலை அறுப்போர் வேறு காட்டிற்குச் செல்வர். மருந்து அடிப்போர் தோம்பைச் சுமந்து மற்றொரு திசையில் நடப்பர். ஆயா பிள்ளைக் கொட்டகையைத் திறப்பார். பெயர் கொடுக்கும் இடம் ஒன்றே. அதன்பின் கையில் ஏறும் கருவி வெவ்வேறு. பால் வெட்டச் செல்பவரிடம் குலை அறுக்கும் அரிவாளையும் மருந்துத் தோம்பையும் சேர்த்துக் கொடுத்து, "வேண்டியதை மட்டும் பயன்படுத்திக்கொள்" என்று எந்தத் தண்டலும் சொல்வதில்லை.

ஆயினும் கணினியில் நாம் அதைத்தான் செய்து வருகிறோம். பள்ளி அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் தோட்ட அலுவலகத்திலும் மேசைக் கணினிகளில் நிறுவப்படும் பெரிய செயலிகள் இன்று பல கூறுகளாகவே ஆக்கப்படுகின்றன. பள்ளிச் செயலி ஒன்றை எடுத்துக்கொண்டால் வருகைப் பதிவு ஒரு கூறு, மதிப்பெண் ஒரு கூறு, பணக் கணக்கு ஒரு கூறு, நூலகம் ஒரு கூறு, மாணவர் குடும்ப விவரம் ஒரு கூறு. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே நுழைந்தவுடன் இக்கூறுகள் அனைத்தும் எல்லாருக்கும் திறந்து கிடக்குமானால், கூறுகளாகப் பிரித்ததனால் விளைந்த பயன் யாது?

உள்ளே நுழைந்தவர் எப்பணியில் நிற்கிறாரோ அப்பணிக்குரிய கூறுகள் மட்டுமே அவர் திரையில் தோன்றுதல் வேண்டும் என்பது என் கருத்து. அதனோடு, தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைத் தாமே காணும் வழி, கடைசிப் படியில் நிற்பவருக்கும் இருத்தல் வேண்டும். இவற்றுள் முன்னதைச் செயலி செய்வோர் நன்கு அறிவர். பின்னதைப் பற்றிப் பேசுவோர் அரிது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் இத்தகைய செயலி ஒன்று இருந்தது. அதைச் செய்து கொடுத்தவர் பள்ளி முழுமைக்கும் ஒரே பயனர் பெயரைத்தான் தந்திருந்தார். கடவுச்சொல் ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. தற்காலிக ஆசிரியர் ஒருவர் வருகையைப் பதியச் சென்றார். முதலில் தோன்றிய திரையிலேயே பெற்றோர் வருமானப் பட்டியல் விரிந்தது. அவர் தீயவர் அல்லர். கண்ணில் பட்டதை உணவுக்கூடத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். யார் யார் இலவச உணவு பெறுகிறார்கள், யாருடைய தந்தைக்கு வருமானமே இல்லை என்பது இரண்டே நாளில் பிள்ளைகளின் வாயில் உருண்டது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அதன்பின் அந்த உணவுத் தட்டைத் தொடவேயில்லை. பசியோடு வகுப்பில் அமர்ந்திருந்தாள். கணினிப் பொருள் என்றால் நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணும் பெற்றோர் அச்சிறுமியை நினைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

இதற்கு மருந்து நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறியப்பட்டது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒவ்வொரு பயனரும் தம் வேலையை முடிப்பதற்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்னும் நெறியை வகுத்தனர். 1992ஆம் ஆண்டில் டேவிட் ஃபெராய்லோ, ரிச்சர்ட் கூன் ஆகியோர், அதிகாரத்தை ஆளுக்குக் கொடாமல் பணிக்குக் கொடுத்து, ஆளை அப்பணியில் அமர்த்தும் முறையைத் தெளிவாக வரையறுத்தனர். 2004ஆம் ஆண்டில் இம்முறை அமெரிக்காவின் தேசியத் தர விதியாகவும் ஏற்கப்பட்டது.

ஆளுக்குக் கொடுப்பதற்கும் பணிக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நூலகப் பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரம் அவர் பெயரில் இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடி நீக்க வேண்டும். ஒன்றிரண்டு எஞ்சித்தான் நிற்கும். அதிகாரம் பணியில் இருந்தால், அவரை அப்பணியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியவரை அமர்த்தினால் போதும். கிராணி மாறினாலும் கிராணியின் நாற்காலி மாறுவதில்லை அன்றோ?

மருத்துவமனைகளுக்கென 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குனு ஹெல்த் என்னும் இலவசச் செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லூயிஸ் ஃபால்கோன் என்பவர் தொடங்கிய பணி அது. டிரைட்டன் என்னும் அடித்தளத்தின்மேல் கூறு கூறாக அடுக்கப்பட்டது. தேவையான கூறுகளை மட்டும் அந்தந்த மருத்துவமனை நிறுவிக்கொள்ளலாம். மருத்துவர், தாதி, முன்மேசைப் பணியாளர் எனப் பயனர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். மேசைக் கணினியில் உள்நுழைந்ததும் தோன்றும் பட்டியல் குழுவுக்குக் குழு வேறுபடும். நம் தோட்ட மருந்தகத்தில் சீட்டெழுதியவர் வேறு, ஊசி போட்டவர் வேறு என்பதைப் பெரியவர்கள் அறிவர். சீட்டெழுதுபவர் நோயாளியின் வியாதி முழுவதையும் படிக்க வேண்டிய தேவை என்ன?

அச்செயலியில் நான் பெரிதும் மதிப்பது மற்றொன்று. பட்டியலில் ஒன்றை மறைப்பதோடு அது நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் விவரம் கேட்கப்படும்போது, விவரங்களைக் காக்கும் மையக் கணினியே, கேட்பவரின் குழுவுக்கு அவ்வுரிமை உண்டா என்று பார்க்கிறது. மலிவான செயலிகள் பலவற்றில் திரையிலுள்ள பொத்தானை மட்டும் மறைத்துவிட்டுப் பூட்டியதாகச் சொல்கிறார்கள். வாசலில் தொங்கும் சீலை பூட்டு ஆகாது. வேறு வழியாகக் கோப்பைத் திறக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பையன் அதை ஒரு மாலைப் பொழுதில் விலக்கிவிடுவான்.

திரையில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு பணிக்கு என்றுமே உரியதல்லாத ஒன்று அத்திரையில் தோன்றவே கூடாது. உரியதுதான், ஆனால் இப்போது இயலாது என்றால், அதை மங்கலாகக் காட்டிக் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். தேர்வுக்காலம் முடிந்து மதிப்பெண் பதிவு மூடப்பட்டிருக்கையில், பொத்தானே காணாமற்போனால் ஆசிரியர் கணினி பழுதடைந்துவிட்டது என்றுதான் எண்ணுவார். இதில் கணினியின் ஊகத்தையும் நம்பிவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2000 என்னும் செயலித் தொகுப்பு, அடிக்கடி பயன்படுத்தாதவற்றைத் தானாகவே பட்டியலிலிருந்து சுருக்கி மறைத்தது. உதவி செய்யும் எண்ணந்தான். ஆனால் நேற்றிருந்தது இன்றில்லை என்று பலரும் தடுமாறினர். திரை பணியைப் பொறுத்து மாறலாம். நாளைப் பொறுத்து மாறலாகாது.

நம்மைப் போன்ற சிறு பள்ளிகளில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பள்ளியில் பத்துப் பேர் செய்வதை இங்கே நால்வர் செய்கிறோம். மாணவர் நலத் துணைத்தலைமையாசிரியரே ஐந்தாம் ஆண்டின் வகுப்பாசிரியராகவும் நூலகப் பொறுப்பாளராகவும் இருப்பார். மூன்று பணிக்குரிய கூறுகளையும் ஒரே திரையில் கொட்டிவிட்டால் மீண்டும் பழைய குப்பைமேடுதான். எனவே ஒருவருக்குப் பல பணிகள் இருப்பின், உள்நுழைந்தவுடன் "இப்போது எப்பணி?" என்று செயலி வினவ வேண்டும். வகுப்பாசிரியராக நுழைந்திருக்கும்போது அவர் வகுப்பாசிரியர் மட்டுமே. 1996ஆம் ஆண்டில் ரவி சாந்து முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குள்ள பணிகளுள் அந்த நேரத்திற்கு வேண்டியதை மட்டும் இயக்கிக்கொள்ளும் முறை விளக்கப்பட்டுள்ளது. ஆக, இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. கேட்டால் கிடைப்பது. நாம்தாம் கேட்பதில்லை.

தாம் எழுதியதைத் தாமே உறுதி செய்யும் நிலையும் இருக்கலாகாது. பாலை நிறுத்தவர் ஒருவர், செக்ரோலில் எழுதியவர் ஒருவர், கையொப்பமிட்டவர் ஒருவர் என்று தோட்டத்தில் வைத்தது வீணாக அன்று. ஆள் குறைந்த பள்ளியில் தலைமையாசிரியனே மதிப்பெண்ணைப் பதிய நேர்ந்தால், உறுதி செய்யும் பொத்தான் அவன் திரையிலிருந்து நீங்கி வேறொருவர் திரைக்குச் செல்லுதல் வேண்டும். தலைமையாசிரியன் என்பதால் எனக்கு எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. உண்மையில், எல்லாம் திறந்திருக்கும் திரை எனக்குச் சுமையே.

இனி, கடைசிப் படியில் நிற்பவரைப் பற்றி.

பணிவாரியாகத் திரையைப் பிரிப்பது என்றவுடன் முதிய தொழிலாளர் ஒருவர், "அந்தக் காலத்திலும் எங்களுக்கு எதையும் காட்டவில்லையே, ஐயா" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. செக்ரோல் அலுவலகத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, எத்தனை நாள் பெயர் விழுந்தது என்பதைக் கிராணி சொன்னால்தான் உண்டு. பணிக்குப் பணி எல்லை போடும் செயலி, கவனமின்றிச் செய்யப்பட்டால், அதே இழுப்பறையைக் கணினிக்குள் கட்டிவிடும். தொழிலாளி என்ற பணிக்கு "ஒன்றும் தேவையில்லை" என்று எழுதிவிட்டுப் போவது செயலி செய்பவருக்கு மிக எளிது.

நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. ஒவ்வொரு சம்பளக் காலத்திற்கும் சம்பள விவரத்தைத் தொழிலாளியிடம் தர வேண்டும் என்பது 1957ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு விதிகள் முதலாளிக்கு இட்ட கடமை. 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிறுவனங்கள் தம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பெறவும், பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை அளிக்கிறது. மத்திய, மாநில அரசுகளை அச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலால் பள்ளி இதைச் செய்யாவிட்டால் கேட்பாரில்லை. கேட்பாரில்லாத இடத்தில்தான் நாமே முன்வந்து செய்தல் தகும்.

ஆகவே தொழிலாளியின் திரையில் அவருடைய வருகை நாள், நிறை, பிடித்தம், கூலி ஆகியவை இருக்க வேண்டும். அடுத்த வீட்டாருடையது இருக்கக் கூடாது. பெற்றோரின் திரையில் தம் பிள்ளையின் வருகையும் மதிப்பெண்ணும், தம் குடும்பத்தைப் பற்றிப் பள்ளி எழுதிவைத்துள்ள விவரமும் இருக்க வேண்டும். பிறப்புப் பத்திர எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் பெற்ற தாயே முதலில் கண்டுபிடிப்பார். வீட்டில் கணினி இல்லாதவர்க்கு அலுவலகத்தில் ஒரு கணினியை வாரத்தில் ஒரு மாலை ஒதுக்குவது பெரிய செலவன்று. எழுத்தின் அளவும் மொழியும் பணியைச் சார்ந்தவை அல்ல, ஆளைச் சார்ந்தவை. அவற்றை அவரவரே தேர்ந்துகொள்ள விடவேண்டும். கண்ணாடி அணிந்த பாட்டிக்குத் தமிழில் பெரிய எழுத்து, அவருடைய மகனுக்கு மலாயில் சிறிய எழுத்து. விவரம் மட்டும் ஒன்றே.

நம் பள்ளிக்குப் புதிய செயலி வாங்குவது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழும்போதெல்லாம் விலையும் வண்ணமுமே முதலில் வருகின்றன. அடுத்த முறை விற்பனையாளர் வரும்போது செயலவையினர் அவரைத் தலைமையாசிரியர் பெயரில் நுழைந்து காட்டச் சொல்ல வேண்டா. தற்காலிக ஆசிரியர் பெயரில் நுழைந்து, வருமானப் பட்டியலைத் திறக்க முயலட்டும். பிறகு ஒரு தாயின் பெயரில் நுழைந்து, அவர் பிள்ளையின் பக்கத்தைத் தமிழில் திறக்கட்டும். இரண்டையும் நம் கண்முன்னே செய்து காட்டியபின் விலையைப் பேசலாம்.