சுவாதிக்கு வழிவிடுமா ஒரகடம்?

வைகாசி மாதம் இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பஞ்சாங்கத்தில் அதன் பெயர் சுவாதி. விஞ்ஞானிகள் பயன்படுத்தும் பெயர் ஆர்க்டூரஸ். இரவு வானில் பிரகாசத்தில் இதற்கு நான்காவது இடம்!

ஏன் ஆரஞ்சு?

கொல்லன் உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். நட்சத்திரங்களும் அப்படியே. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. சுவாதிக்கோ 4,000 டிகிரிதான். நடுவில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டதால், அது சூரியனைப்போல 25 மடங்கு அகலத்துக்கு ஊதிப் பெருத்துவிட்டது. சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து நம் சூரியனும் இப்படித்தான் பெருக்கும்.

37 ஆண்டுப் பயணம்

சுவாதியின் ஒளி நம்மை வந்தடைய சுமார் 37 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏரியும் வயலும்தான் அதிகம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-ல் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. இரவு ஷிப்டும் வந்தது. கூடவே விளக்குகளும் வந்தன.

1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. தொலைநோக்கிகளில் பிடித்த சுவாதியின் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றி, அதைக்கொண்டு சுவிட்சை இயக்கி உலகக் கண்காட்சியின் விளக்குகளை எரிய வைத்தார்கள். அன்று நட்சத்திரம் விளக்கேற்றியது. இன்று விளக்குகள் நட்சத்திரங்களை அணைக்கின்றன!

என்ன நடக்கிறது?

மேல்நோக்கிச் சிதறும் வெளிச்சம் தூசியிலும் ஈரக்காற்றிலும் பட்டு வானத்தையே வெளுக்க வைக்கிறது. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒளி இன்னும் அதிகமாகச் சிதறும். 2023-ல் வெளியான ஓர் உலக ஆய்வு, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்றது. அதாவது, 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தை, 18 வயதில் 100-ஐத்தான் பார்க்கும்!

அதற்காகத் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. இரவில் வேலை முடிந்து வரும் அக்கா, அண்ணன்களுக்குத் தெருவிளக்கு அவசியம் தேவை. ஆனால் அந்த வெளிச்சம் சாலையில் விழ வேண்டும், மேகத்தில் அல்ல. விளக்குக்கு மேலே ஒரு மூடி, மஞ்சள் கலந்த ஒளி, ஆளில்லாத இடத்தில் தானாக அணையும் வசதி, இவை போதும். கரண்ட் பில்லும் குறையும். லடாக்கின் ஹான்லேயில், 2022-ல் அறிவிக்கப்பட்ட இருள்வான் காப்பகத்தைச் சேர்ந்த கிராமங்கள் இப்படித்தான் வானத்தைக் காக்கின்றன.

நீங்களே சோதியுங்கள்

வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அதன் வால் வளையும் திசையிலேயே போனால் சுவாதி வரும். ஏழு ரிஷிகளில் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் அத்திரிதான் மங்கலானவர். அவர் தெரிகிறாரா? தெரிந்தால் உங்கள் ஊர் வானம் பரவாயில்லை. தெரியாவிட்டால் வெளிச்சம் அவரை மறைத்துவிட்டது என்று பொருள். தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வைகாசியிலும் பாருங்கள்.

சுவாதி பிரகாசமானது, தாக்குப்பிடிக்கும். அத்திரியைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது!