ராப் பர்ரோ ஆடிய இடம்

ராப் பர்ரோ என்ற பெயரை இன்று பலரும் அறிவது நோயின் வழியாகத்தான். 2019 டிசம்பரில், 37 வயதில், அவருக்கு மோட்டார் நியூரான் நோய் இருப்பது தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் அது. 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில், அவர் ஆடிய ரக்பி அணியின் பழைய தலைவர் கெவின் சின்ஃபீல்ட் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார்; அவரைக் கைகளில் தூக்கி முடிவுக்கோட்டைக் கடந்தார். அந்தப் படம் உலகமெங்கும் போனது. 2024 ஜூன் 2 அன்று பர்ரோ காலமானார். படத்தைப் பார்த்தவர்களில் பலர் அவருடைய ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் உயரம் 165 செ.மீ. ஆடியதோ ரக்பி லீக். முன்வரிசைக்காரர்கள் 100 கிலோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். அதில் 2001 முதல் 2017 வரை, லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே அணிக்காக ஏறத்தாழ 490 ஆட்டங்கள். எட்டு முறை சூப்பர் லீக் பட்டம். இது எப்படி முடிந்தது? மன உறுதி என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. விடையின் பெரும்பகுதி ஆட்ட விதியில் இருக்கிறது.

ரக்பி லீக், 1895இல் வட இங்கிலாந்தின் மில், சுரங்க நகரங்களின் அணிகள் கூலி இழப்புக்கு ஈடு கேட்டுப் பிரிந்து வந்ததில் பிறந்தது. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது டேக்கிள். அதோடு பந்து பறிபோகாது. விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார். இப்படி ஆறு டேக்கிள் வரை ஒரு அணி பந்தை வைத்திருக்கலாம்.

உருண்டு வரும் பந்தை எடுக்கப் பின்னால் நிற்பவர்தான் டம்மி ஹாஃப். அந்த நேரத்தில் எதிரணியில் இருவர் மட்டுமே பந்தின் முன்னால் நிற்கலாம். மற்றவர்கள் 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும். இப்போதுதான் டேக்கிள் செய்த கனத்த ஆட்கள் தரையிலிருந்து எழுந்து, மூச்சு வாங்க, திரும்பி நிற்க வேண்டும். தடுப்பு வரிசை இன்னும் சீராகவில்லை. சில விநாடிதான். பந்தை எடுத்த வேகத்தில் அந்த இடைவெளிக்குள் நுழைபவருக்கு எடை தேவையில்லை. முதல் மூன்று அடியின் வேகம் வேண்டும். தாழ்ந்த உடல் வேண்டும்.

ஸ்க்ரம் ஹாஃப் என்ற ஆட்டத்தை வழிநடத்தும் இடத்தில் தொடங்கிய பர்ரோ, பிற்காலத்தில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக வந்து இந்த டம்மி ஹாஃப் வேலையைச் செய்தார். எதிரணி களைத்த பிறகு புதுக்கால்களோடு அவரை இறக்குவார்கள். 2011 சூப்பர் லீக் இறுதிப்போட்டியில் அப்படித்தான் நடந்தது. மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில், செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிராக, முதல் பாதியில் அவர் உள்ளே வந்தார். டம்மி ஹாஃபிலிருந்து பந்தை எடுத்தார். நீண்ட கைகளுக்கு அடியில் குனிந்து புகுந்தார். கடைசிக் காவலரையும் விலகித் தாண்டிப் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் புள்ளி எடுத்தார். லீட்ஸ் 32–16 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பைக்கு வாக்களித்த அனைவரும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவும் பந்து கையில் இருக்கும்போது. பந்து எதிரணியிடம் போனால் விதி அவருக்குத் துணை நிற்காது. சிறியவர் நிற்கும் பக்கமாகப் பார்த்துத்தான் எதிரணி தன் கனத்த ஆளை ஓடவிடும். இரு மடங்குக்கு அருகில் எடையுள்ளவரின் கால்களைக் கட்டிப்பிடித்து வீழ்த்த வேண்டும். எழுந்து 10 மீட்டர் பின்வாங்கி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். குட்டி ஆள் என்று அவர் ஓட்டத்தை வியந்தவர்கள் அதைக் கொஞ்சம் தாராளமாகவே வியந்தார்கள் என்று தோன்றுகிறது. அங்கே உடல்வாகு அவருக்குச் சாதகமாகவும் இருந்தது. துணிச்சல் என்ற சொல்லைத் தடுப்பாட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.